அளவுக்குப் போன ஷெர்வானி

"ஆணியில உன் ஷெர்வானி அப்படியே தொங்குது. அப்ப அளவுக்குன்னு பொண்ணு வீட்டு ஹலீமா பீ கையில எதைக் குடுத்து அனுப்புன?"

முனவ்வர் பேகம் இப்படிக் கேட்டபோது அவளுடைய தம்பி இஷ்தியாக் அகமது கோப்பையிலிருந்த டீயை மும்முரமாக ஊதிக்கொண்டிருந்தான். அந்த டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"பழசைக் குடுத்தேன் ஆபா."

"எந்தப் பழசு?"

"பெட்டி அடியில இருந்துச்சே. சாம்பல் கலரு."

முனவ்வர் பேகம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி! அது நீ மெட்ராஸ்ல வேலை கத்துக்கினு இருந்தப்ப தெச்சதாச்சே. அப்ப உன் விலா எலும்பை எண்ணலாம். இப்ப அதுல உன் ஒரு பக்கம்தான்டா நுழையும்!"

"கல்யாணத்துக்குள்ள எளச்சிருவேன்."

"யாரு?"

"நான்தான்."

அக்காள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து அவனுக்குப் பின்னால் போய் முதுகைப் பார்த்தாள். அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட இஷ்தியாக்குக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

அவர்கள் வீட்டில் பாதிப் பேச்சு உருது, பாதி தமிழ். நமக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆவணி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் தொடங்கியது இது.

இஷ்தியாக்குக்கு ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற உத்தியோகம். பதனிட்ட ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக விரித்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்க வேண்டும். காலையில் சாக்கு விரிப்பில் குனிந்து உட்கார்ந்தானானால் சாயங்காலம்தான் நிமிர்வான். நடுவில் எழுந்திருப்பது சாப்பாட்டுக்கு மட்டும். அக்காளின் கைப்பக்குவமோ தெருவே அறிந்தது. விதவையாகித் தம்பியோடு வந்து தங்கிய நாளிலிருந்து அவள் தன் பாசத்தையெல்லாம் நெய்யில் வறுத்துத்தான் காட்டினாள்.

தின்பது சிலருக்குத் தொப்பையில் சேரும், சிலருக்குக் கன்னத்தில் சேரும். இஷ்தியாக்குக்கு வயிறும் ஒழுங்காக இருந்தது, கன்னமும் ஒழுங்காக இருந்தது. எல்லாம் கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே போய்க் குடியேறிவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் லட்சணமான ஆள். திரும்பி நின்றால்தான் வேறு யாரோ நிற்பது போலத் தெரியும்.

இந்த முதுகால் ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. வாணியம்பாடிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். "மாப்பிள்ளைக்கு எல்லாம் சரி, முதுகுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இஷ்தியாக் பள்ளிவாசலில்கூடக் கடைசி வரிசையில்தான் நின்றான். தனக்குப் பின்னால் மனிதர்கள் இருப்பதே அவனுக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் பேரணாம்பட்டு வரன் வந்தது. பெண்ணின் பெயர் குர்ஷித். இஷ்தியாக் பெரியவர்களோடு அந்த வீட்டுக்குப் போய், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, டீ குடித்துவிட்டு வந்தான். பெண்ணை அவன் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கமும் இல்லை. ஆனால் அவன் டீயை உறிஞ்சுகிற நேரத்தில் உள் அறை வாசலில் தொங்கிய பர்தாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஒரே ஒரு சிரிப்பு. அதைக் கேட்டபிறகு டீ தீர்ந்ததுகூடத் தெரியாமல் அவன் கோப்பையை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே சம்மதம் வந்தது.

அந்தச் சிரிப்பை அவன் ஆம்பூருக்குக் கொண்டுவந்து, தோல் பிரிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டான். குர்ஷித் எங்கிருந்தோ தன்னைப் பார்த்திருக்கிறாள், பார்த்துப் பிடித்துப்போய்த்தான் சரியென்றிருக்கிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கென்று மீசையை நறுக்கிக் கூராக்கிக்கொண்டு போயிருந்தான். மீசைதான் வேலை செய்திருக்கிறது என்பது அவனுடைய கட்சி.

அந்தக் குடும்பங்களில் மாப்பிள்ளையின் கல்யாண உடுப்பைப் பெண் வீட்டார்தான் தைத்துத் தருவார்கள். மாப்பிள்ளையை நிறுத்தி வைத்து நாடா பிடிப்பது மரியாதையில்லை. அவனுக்குச் சரியாக இருக்கிற ஷெர்வானி ஒன்றை அளவுக்கென்று வாங்கிப்போய் அதைப் பார்த்துத் தைப்பார்கள். அதை வாங்கிப்போகத்தான் பேரணாம்பட்டிலிருந்து ஹலீமா பீ வந்தாள். பெண் வீட்டிலேயே காலம் தள்ளிவிட்ட மூதாட்டி அவள். ஆணியில் தொங்கிய அகலமான ஷெர்வானியை எடுத்துக் கொடுக்கத்தான் இஷ்தியாக் போனான். அந்த வீட்டுப் பெண்களெல்லாம் கூடி அதை விரித்துப் பார்ப்பார்கள், முதுகுப் பக்கத்தை இரண்டு பேர் பிடித்துக் காட்டுவார்கள், குர்ஷித்தும் பார்ப்பாள் என்று நினைத்தான். கை தானாகப் பெட்டியைத் திறந்துவிட்டது.

"இப்பவே ஆள் அனுப்பி மாத்திடலாமே" என்றாள் முனவ்வர் பேகம், கோபம் ஆறியதும்.

"இன்னான்னு சொல்லி? 'அது பழைய அளவு, மாப்பிள்ளை இப்ப அதுக்கு ரெட்டிப்பு'ன்னா? வேணாம் ஆபா. இதுவும் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆள் அனுப்புகிற யோசனையை முனவ்வர் பேகம் அத்தோடு விட்டாள். கல்யாணம் ரமலான் முடிந்து நடக்க வேண்டியது. அதற்குள் முதுகு போக வேண்டும், அவ்வளவுதான்.

சாம்பல் ஷெர்வானி தைத்த அதே தையற்காரர் அதே அளவில் ஒரு கறுப்புக் கோட்டும் தைத்திருந்தார். அது இன்னும் பெட்டியில் இருந்தது. நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம் என்று இஷ்தியாக் அதைப் போட்டுப் பார்த்தான். இரண்டு கையும் போயின. தோளுக்குப் பாதி வழி வந்ததும் கோட்டு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கைகள் இரண்டும் பின்பக்கம் இழுத்துக் கட்டியது போலாகிவிட்டன.

டேனரியில் ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி தேவசகாயம் அந்த நேரம் பார்த்து வந்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோஸ்துகள்.

"இன்னா பாய், யாரு உன்னைக் கட்டிப் போட்டது?"

"சிரிக்காத. கழட்டு முதல்ல."

தேவசகாயம் ஒரு கையையும் அக்காள் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். கோட்டு வந்தது. கூடவே வந்து தேவசகாயம் சுவரில் மோதிக்கொண்டான். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "சாப்பாட்டைக் கம்மி பண்ணு. வேற வழியே கிடையாது."

மறுநாளிலிருந்து இஷ்தியாக் கறியை விட்டான், நெய்யை விட்டான். மத்தியானம் எல்லோரும் தூக்குச் சட்டியைத் திறக்கிற நேரத்தில் அவன் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு தோலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்பூரில் ஒருவன் பிரியாணி வேண்டாம் என்று சொன்னால் அது சாதாரண சமாச்சாரமா? டேனரி முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"இஷ்தியாக் பாய்க்கு வயித்துல ஏதோ கட்டியாம்."

"கட்டி இல்ல, மஞ்சக் காமாலை. கண்ணைப் பாரு."

"கல்யாணம் வேற வெச்சிருக்காங்க, பாவம்."

முதலாளி ஒரு கூடை சாத்துக்குடி அனுப்பினார். பக்கத்து வீட்டிலிருந்து கோழி சூப் வந்தது. நோயாளிக்கென்று வந்ததை அக்காளால் திருப்பி அனுப்ப முடியவில்லை. நான்காவது வீட்டு அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தான் கொண்டுவந்த கிண்ணம் காலியாகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பேச்சு அப்படியே பஸ் ஏறிப் பேரணாம்பட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து அங்கிருந்து தேக்சா என்கிற பெரிய பாத்திரம் ஒன்றைத் துணி கட்டித் தூக்கிக்கொண்டு ஆள் வந்தான். திறந்தால் ஆட்டுக்கால் பாயா, மேலே விரற்கடைக்கு எண்ணெய் மிதந்தது.

"மாப்பிள்ளை உடம்பு தேறணுமாம். குர்ஷித் பொண்ணே கிட்ட நின்னு செஞ்சுதாம்" என்றான் வந்தவன்.

இஷ்தியாக் தேக்சாவைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவள் அடுப்புப் புகையில் நின்று செய்ததை வேண்டாமென்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"தட்டு எடு ஆபா" என்றான்.

அது நன்றாக இருந்ததுதான் பெரிய தொல்லை. பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாக அனுப்பக் கூடாதென்று சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லியும் அனுப்பினார்கள். அடுத்த வாரமும் தேக்சா வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. மழை நிற்பதற்குள் கறுப்புக் கோட்டு முன்பு நின்ற இடத்துக்கும் கொஞ்சம் கீழேயே நின்றது.

"பட்டினி நமக்கு ஒத்து வரல" என்றான் தேவசகாயம். "யோசிச்சுப் பாத்தேன் பாய். தினம் நம்ம கண்ணு முன்னாடி நடக்கறது நமக்கே தோணலியே. ஆவாரம்பட்டைத் தண்ணில தோலைப் போட்டா இன்னா ஆவுது?"

"பதமாவுது."

"சுருங்கி இறுகுது இல்ல? உன் முதுகு மேல இருக்கறதும் தோல்தான?"

வேறு எந்த ஊரிலும் இரண்டு வளர்ந்த ஆண்கள் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் தோலிலேயே பிறந்து தோலிலேயே வளர்ந்த ஊரில் இது பெரிய ஞானமாகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை டேனரி ஓய்ந்திருந்தபோது இஷ்தியாக் கொட்டகையில் குப்புறப் படுத்தான். தேவசகாயம் தொட்டியிலிருந்து நல்ல பழைய பட்டைத் தண்ணீராகப் பார்த்து, சாக்கை நனைத்து நனைத்து அவன் முதுகில் போட்டான். கொஞ்சம் கடுக்காய்த் தூளும் தூவினான். தூவும்போது அவன் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

சாயங்காலம் சாக்கை எடுத்தார்கள். முதுகு செங்காவியாகப் பளபளத்தது.

"எப்பிடி இருக்கு?" என்றான் இஷ்தியாக். தோல் இழுத்துப் பிடித்திருந்ததால் அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

தேவசகாயம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "ரொம்ப நல்லா வந்திருக்கு. முதல் தரம்."

"கொழுப்பு?"

தேவசகாயம் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான். "கொழுப்பு உள்ள அப்படியே இருக்குது பாய். தொட்டில போடறதுக்கு முன்னாடியே அதைச் செதுக்கி எடுத்துடணும். அவசரத்துல நாம அதை மறந்துட்டோம்."

அந்தச் சாயம் போக நாளாயிற்று. வெள்ளிக்கிழமை போட்ட வெள்ளை ஜிப்பாவெல்லாம் முதுகுப்பக்கம் காவியாகிவிட்டது. பள்ளிவாசலில் அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்து நகர்ந்துகொண்டார்கள். முனவ்வர் பேகம் வீட்டுக்குள் சாம்பிராணி போட்டாள். தேவசகாயத்தைக் கொஞ்ச நாளைக்கு வாசலோடு நிறுத்திவிட்டாள்.

வாசலில் நின்றபடியே அவன் அடுத்த யோசனையைச் சொன்னான். "தேகப்பயிற்சிதான் பாய் சரி. அஹமது பாஷா பயில்வான்கிட்ட போ."

அஹமது பாஷா ஊருக்கு வெளியே குஸ்தி பழக்குகிற தாலிம்கானா வைத்திருந்தார். தூண் மாதிரி ஆள். இஷ்தியாக் சட்டையைக் கழற்றிக் குறையைச் சொன்னதும் அவர் சுற்றி வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த முதுகை வெச்சுக்கினா தோல் பிரிச்சுக்கினு இருக்க? அட வீணாப்போனவனே!"

"உஸ்தாத், எனக்கு இது எளைக்கணும்."

"கொழுப்பா? அதைக் கரைச்சிடலாம், விடு. என் கையில வந்துட்ட இல்ல."

கர்லா கட்டையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். இஷ்தியாக் காலையில் சுற்றினான், மாலையில் சுற்றினான். தலைக்குப் பின்னால் போகிற கட்டை ஒவ்வொரு சுற்றிலும் முதுகை நாலாகப் பிளந்துகொண்டு வந்தது. தண்டால் எடுத்தான். மண்ணில் விழுந்து புரண்டான். குர்ஷித்தை நினைத்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டான். பயிற்சி முடிந்ததும் உஸ்தாத் பாதாம் பாலை நீட்டுவார். வேண்டாம் என்றால் அவர் பார்க்கிற பார்வைக்கே குடித்துவிடலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு வெள்ளிக்கிழமை நம்பிக்கையோடு கறுப்புக் கோட்டை எடுத்தான். இந்தத் தடவை அது தோள் வரைக்கும் ஏறியது. "ஆபா, ஏறிடுச்சு!" என்று கத்திக்கொண்டே கையை உயர்த்தினான். பின்பக்கம் தையல் மேலிருந்து கீழ்வரை படபடவென்று விட்டது.

கிழிந்த கோட்டோடு தாலிம்கானாவுக்கு ஓடினான். உஸ்தாத் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"தொட்டுப் பாருடா! கொழுப்பு எங்க இருக்கு? எல்லாம் கறி! கல்லு மாதிரி!"

"உஸ்தாத், கோட்டுக்குக் கொழுப்பும் ஒண்ணுதான், கறியும் ஒண்ணுதான்."

"கோட்டைத் தூக்கிப் போடு. வர்ற வருசம் வேலூர்ல கோதாவுல எறங்குற."

இஷ்தியாக் வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புற விழுந்தான். இனி ஹலீமா பீக்கு ஆள் அனுப்பி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் வழி என்று தோன்றியது. முன்னால் பட்டினி, நடுவில் சாயம், கடைசியில் பயில்வான் முதுகு. இவ்வளவுக்கும் அவன் ஆசைப்பட்டது ஒரு சிரிப்புக்குத்தான். அது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

முனவ்வர் பேகம் கிழிந்த கோட்டை மடியில் போட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

"அழாத. இத்தினி நாளு ஊர்ல இருக்கறவங்க பேச்செல்லாம் கேட்ட. இப்ப நான் சொல்றதைக் கேளு. இதை வளத்தது என் கை. எறக்கறதும் என் கைதான்."

"எப்பிடி ஆபா?"

"முதல்ல அந்தக் கட்டையைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடு. அப்புறம் பேரணாம்பட்டுக்குச் சொல்லியனுப்பறேன், மாப்பிள்ளைக்கு உடம்பு தேவலாம், பாயா போதும்னு."

அவளுடைய ஆட்சி அன்றே தொடங்கியது. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும். மத்தியானம் அளவாகச் சோறு, கீரை, கொள்ளு ரசம். கறி உண்டு, ஆனால் நெய்யில்லாமல், ஒரு தட்டோடு சரி. பட்டினி கிடையாது, ஆகவே யாரும் அவனுக்கு நோய் என்று பேசவில்லை. டேனரிக்குப் பாலாற்று மணலில் வேகமாக நடந்து போக வேண்டும், நடந்தே திரும்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை தெருக் கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவன் இப்போது தினமும் ராட்டினத்தில் நீர் இறைக்க வேண்டும். தன் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து. தெருப் பெண்கள் அவளை வாழ்த்தினார்கள்.

"குனிஞ்சே உக்காந்திருந்தா முதுகுல சேராம வேற எங்கடா சேரும்?" என்று இன்னொரு கட்டளையும் போட்டாள். "ஒரு கட்டுத் தோல் முடிஞ்சா எழுந்து நில்லு. ரெண்டு தோளையும் பின்னாடி இழுத்து விடு."

அவன் அப்படியே செய்தான். முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் முதுகு வலி இருந்ததால் அவர்களும் எழுந்து தோளை இழுக்க ஆரம்பித்தார்கள். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, இது ஏதோ வேலை நிறுத்தம் என்று பயந்துபோனார்.

மார்கழிப் பனியோடு ரமலான் வந்தது. நோன்பு திறக்கிற நேரத்தில்தான் எமன் இருந்தான். சமோசா, பஜ்ஜி, இறைச்சி வறுவல் என்று தெருவே மணக்கும். அக்காள் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் கஞ்சியும் அவன் முன்னால் வைத்துவிட்டு, தானும் அதையே வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். தனக்காக அவளும் விட்டுக்கொடுக்கிறாளே என்று பார்த்தபோது அவனுக்குச் சமோசா பெரிதாகத் தெரியவில்லை. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லைதான். பிறகு சட்டை தளர்ந்தது. கழுத்துக்குக் கீழே இருந்த மடிப்பு ஒருநாள் குளிக்கும்போது கைக்கு அகப்படவில்லை. தேடிப் பார்த்தான். போயே போய்விட்டது. பயில்வான் ஏற்றிவிட்ட சதையும் கட்டை சுற்றாமல் மெல்ல அடங்கியது. டேனரி மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. காலையில் எழும்போதே உடம்பு லேசாக இருந்தது.

பெருநாளைக்கு முந்தின நாள் கறுப்புக் கோட்டைப் போட்டான். தோள் ஏறியது. பொத்தானும் மாட்டிக்கொண்டது. கையை உயர்த்தினான், ஒரு தையலும் விடவில்லை. முனவ்வர் பேகம் அவன் பின்னால் போய் நின்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா ஆபா, அழுவுற?"

"எத்தினி நெய்யிடா!" என்றாள் அவள்.

மறுநாள் பெருநாள் தொழுகையில் இஷ்தியாக் முதல் வரிசையில் போய் நின்றான். பின்னால் ஊரே நின்றது. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது அவனுக்கு.

அதற்கடுத்த வாரம் ஹலீமா பீ வந்தாள். பட்டுத் துணியில் சுற்றிய மூட்டையை முனவ்வர் பேகத்திடம் கொடுத்துவிட்டு, "போட்டுப் பாக்கச் சொல்லும்மா. எங்கனா பிடிச்சா கல்யாணத்துக்குள்ள திருத்திடலாம்" என்று வெளி அறையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

உள்ளே இஷ்தியாக் மூட்டையைப் பிரித்தான். பாலேட்டு நிறத்தில் ஷெர்வானி, கழுத்தில் சரிகை வேலை. போட்டான். கை சரியாக இருந்தது, நீளம் சரியாக இருந்தது, மார்பும் சரியாக இருந்தது. அக்காள் கண்ணாடியைக் கொண்டுவரப் போனவள் அவன் பின்பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா ஆச்சு?"

முனவ்வர் பேகம் முதுகுப்பக்கத் துணியைக் கையால் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்தது. அதற்குள் இன்னொரு ஆளும், ஒரு தலையணையும் தாராளமாக இருக்கலாம்.

இஷ்தியாக்கின் முகம் செத்துப்போயிற்று. "தெரிஞ்சிடுச்சு ஆபா. அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சு. வாணியம்பாடிக்காரங்க சொல்லியிருப்பாங்க. கேலி பண்ணித்தான் இப்பிடித் தெச்சு அனுப்பியிருக்காங்க."

"நீ சும்மா இரு. நான் கேக்கறேன்."

அவள் கேட்கிற வரைக்கும் ஹலீமா பீ பொறுத்திருக்கவில்லை. வயதானவளாதலால் அவளுக்குத் தடையுமில்லை. எழுந்து உள்ளே வந்துவிட்டாள். இஷ்தியாக் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான்.

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்றாள் ஹலீமா பீ. "இது யாரு, அவரு ஷெர்வானியைப் போட்டுக்கினு?"

"மாப்பிள்ளைதான் நிக்கறான். நல்லாப் பாருங்க."

இஷ்தியாக் திரும்பினான். ஹலீமா பீ அவன் முகத்தைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், தோளைப் பிடித்து மறுபடி திருப்பி நிறுத்தினாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அல்லாவே! முதுகு எங்க போச்சு?"

"எளச்சிட்டேன்" என்றான் இஷ்தியாக். "நாங்க அளவு குடுத்தோமே அம்மா. அதைப் பாத்துத் தெச்சிருந்தா இப்ப சரியா இருந்திருக்கும்."

"அந்தச் சாம்பல் கலரா? அதை விரிச்சுப் பாத்ததுமே குர்ஷித் ஓரமா வெச்சிடுச்சே. 'இது அவரோடது இல்ல, யாரோ பொடிப்பையன் ஷெர்வானி மாறி வந்துடுச்சு'ன்னு. அப்புறம் ரெண்டு கையையும் விரிச்சு என்கிட்டக் காட்டி, 'இவ்ளோ இருக்கும், தையக்காரர்கிட்டச் சொல்லுங்க'ன்னு அதுவேதான் அளவு குடுத்துச்சு. வழியெல்லாம் நான் அந்த அளவைக் கையில பிடிச்சிக்கினே போனேன். கை, நீளம், மாருக்கு மட்டும் தையக்காரரு அந்தச் சாம்பலை வெச்சுப் பாத்துக்கினாரு."

இஷ்தியாக்குக்குக் காது சூடாகிவிட்டது. அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்தும் வேண்டாமென்று சொல்லவில்லை.

"முதுகு எப்பிடியோ போவட்டும்" என்றான், மீசையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே, மெதுவாக. "என் முகத்தைப் பாத்துத்தான சம்மதம் சொன்னாங்க?"

"முகமா?" என்றாள் ஹலீமா பீ. "அதை எங்க பொண்ணு இன்னும் பாக்கவே இல்லியே மாப்ள! அன்னிக்கு நீங்க பர்தாவுக்கு முதுகைக் குடுத்து இல்ல உக்காந்திருந்தீங்க. அந்த முதுகைப் பாத்துட்டுத்தான, 'இவரு பின்னால நின்னா எந்தக் காத்தும் என் மேல படாது'ன்னு சிரிச்சுக்கினே சம்மதம் சொல்லிச்சு!"